அப்பிளுக்குத் தென்னை வைத்தியம்

1

ஊரிலிருந்து போன் எடுக்கிறவர்கள் சுகம் விசாரித்து, மழை விசாரித்து, கடைசியில் இதைக் கேட்காமல் வைப்பதில்லை: "மெய்தானா கா? உங்கட வளவில அப்பிள் மரம் நிக்குதாமே. நினைச்ச நேரம் ஆய்ஞ்சு தின்னலாமே!"

மரம் நிற்பது மெய். நினைத்த நேரம் ஆய்ந்து தின்னலாம் என்பது முழுப் பொய். ஓர் அப்பிள் நம் வாய்க்கு வந்து சேருமுன் அதற்குப் புழு, பூஞ்சணம், எறும்பு, குளவி என்று எத்தனை பங்காளிகள் தெரியுமா? அவர்கள் எல்லாம் தின்று மிச்சம் விட்டால் நமக்கு. அதுவும் பாதிப் பழம்.

எங்களூரில் அப்பிள் ஓர் ஆசுபத்திரிச் சாமான். யாராவது மட்டக்களப்பு பெரியாசுபத்திரியில் படுத்தால்தான், பஸ்ஸால் இறங்கி, வலைச்சட்டை போட்ட அப்பிளில் நாலு வாங்கிக்கொண்டு போவோம். நோயாளி அதைத் தொடமாட்டார். பார்க்க வந்தவர்களின் பிள்ளைகள் கட்டிலைச் சுற்றி நின்று தின்று முடிப்பார்கள். நோயாளிக்கு அப்பிள் கொண்டுபோய்ப் பழகிய எனக்கு, அந்த அப்பிளே நோயாளியாகப் படுக்கும், அதற்கு நான் தாதி வேலை பார்ப்பேன் என்று கனவிலும் தோன்றியதில்லை.

சுவிஸில் நாங்கள் தோட்டம் எடுத்து இந்த ஆனியோடு பத்து வருசம். பத்தாவது வருசம் கொண்டாட வேண்டிய நேரத்தில் தோட்டமே கைவிட்டுப் போகப் பார்த்தது. எல்லாம் ஒரு மரத்தாலும் ஒரு மனுசனாலும் வந்த வினை. மனுசன் என்று நான் சொல்வது என் வீட்டுக்காரரைத்தான்.

2

முதலில் தோட்டத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். இங்கே நாம் குடியிருப்பது அடுக்குமாடியில் மூன்றாம் தட்டு. மண்ணில் கை வைக்க ஆசைப்படுகிறவர்களுக்குப் பட்டணத்து எல்லையில் சின்னச் சின்னத் துண்டாகக் காணி குத்தகைக்குக் கொடுக்க ஒரு சங்கம் இருக்கிறது. ஒரு கொட்டில், ஒரு தண்ணீர்க் குழாய், ஒரு பழமரம். எங்களுக்கு வந்த மரம் அப்பிள். முன்னால் வைத்திருந்தவர் நட்டது. எங்கள் மகள் தர்சியை விட வயதில் மூத்தது.

யாழ்ப்பாணப் பக்கத்து வாசகர்கள் இருந்தால் அவர்களுக்காக ஒரு விளக்கம். மட்டக்களப்பில் வீடும் அதைச் சுற்றின வளவும் பெண்பிள்ளைக்கு. ஆண்பிள்ளை கலியாணம் கட்டி, கட்டினவளின் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். என் வீட்டுக்காரர் தியாகராசா களுவாஞ்சிக்குடி. அது வாவிக்கும் கடலுக்கும் நடுவில், சூரியன் எழும் பக்கம், எழுவான்கரை என்போம். நான் கொக்கட்டிச்சோலை. வாவிக்கு மேற்கே, வயல் நாடு, படுவான்கரை. அவர்கள் தென்னங்காய்க்காரர், நாங்கள் நெல்லுக்காரர். சின்ன வயதிலிருந்து தாயின் தென்னை வளவுக்குத் தண்ணீர் அள்ளி ஊற்றியவர் இவர். வளவு முழுக்கத் தமக்கை பூமணிக்குச் சீதனமாகப் போயிற்று. அவர் கோபிக்கவில்லை, அதுதானே வழக்கம். ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வாவியைக் கடந்து எங்கள் வீட்டுக்கு வந்தார். எங்கள் வீடு என் பேரில். வயல் எனக்கும் தங்கச்சிக்கும். பிறகு இங்கே வந்து மாடி வீட்டுக்கு வாடகை.

தோட்டக் குத்தகைக்குக் கையெழுத்து வைக்கிற நாளில் நான் வேலையில் நின்றுவிட்டேன். முதியோர் இல்லத்தில் அன்றைக்கு ஆள் குறைவு. அதனால் பேர் அவருடைய பேராகப் போட்டுவிட்டார்கள். நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. அவர் எடுத்தார். அன்று பின்னேரமே அக்காவுக்கு வீடியோக் கோல்.

"அக்கா, எனக்கும் ஒரு வளவு கிடைச்சிருக்கு."

"நல்லதுதானே தம்பி. ஆருட பேரில?"

"என்ட பேரில."

பூமணி மச்சாளின் முகம் திரையில் அப்படியே நின்றது. படம் நின்றுவிட்டதோ என்று நான் எட்டிப் பார்த்தேன். இல்லை, கண் சிமிட்டுகிறாள்.

"ஆம்புளைட பேரில வளவா? ஆர் தந்த?"

இவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே போனைக் கொண்டுபோய் வேலி, கொட்டில், குழாய், மரம் என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். பிறந்து ஐம்பது வருசத்துக்குப் பிறகு அந்த மனுசனுக்குக் கிடைத்த முதல் மண் அது. அன்றைக்கு எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. இத்தனை வருசம் கூட இருந்தும் இவருக்கு அப்படி ஒரு ஆசை இருந்ததே எனக்குத் தெரியாது.

3

சங்கத்துக்கு ஒரு தலைவர் இருக்கிறார். உயரம், மெலிவு, கழுத்தில் மூக்குக்கண்ணாடி. வேலி இடுப்புக்கு மேல் வளர்ந்தால் வருவார். ஞாயிற்றுக்கிழமை சத்தம் கேட்டால் வருவார். எங்கள் ஊரில் வயல் வட்டைக்கு ஒரு வட்டைவிதானை இருப்பார்; யார் வரம்பு உடைந்திருக்கிறது, யார் வாய்க்காலை அடைத்தான் என்று பார்த்துக்கொண்டே திரிவார். அதே நடை, அதே கண். அதனால் நாங்கள் சங்கத் தலைவருக்கு விதானையார் என்று பேர் வைத்தோம். அவருக்கு இது தெரியாது.

விதானையார் ஏற்கெனவே எங்களுக்கு இரண்டு எச்சரிக்கை தந்திருந்தார். ஒன்று, எங்கள் புடலங்காய்ப் பந்தல் சட்டத்தை விட உயரமாம். புடலங்காய் நிலத்தில் படுத்தா காய்க்கும்? மற்றது, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் வீட்டுக்காரர் வேலிக்குக் கட்டை அடித்தாராம். மூன்றாவது எச்சரிக்கை வந்தால் குத்தகை முடிவு. இது அங்கே எல்லோருக்கும் தெரிந்த சட்டம்.

மரத்துக்கு வருவோம். முதல் வருசம் பூ எப்படிப் பூத்தது தெரியுமா! கலியாண வீடு தோற்றுப்போகும். இவர் படம் எடுத்து அனுப்பாத ஆளில்லை. ஆவணியில் பழத்தை வெட்டினால் ஒவ்வொன்றின் நடுவிலும் வெள்ளைப் புழு, விதையைத் தின்றுகொண்டு சுகமாகப் படுத்திருக்கிறது. வெளியே ஒரு சின்ன ஓட்டை, வாசலில் மரத்தூள் போலக் கொஞ்சம் எச்சம். அந்து ஒன்று பிஞ்சில் முட்டையிட, குஞ்சு உள்ளே போய்விடுகிறது. உள்ளே போன பிறகு எந்த மருந்தும் எட்டாது. புழு கொழுத்து, பழத்தை விட்டு வெளியேறி, மரப்பட்டையில் கூடு கட்ட இடம் தேடும்போதுதான் அதைப் பிடிக்கவேண்டும்.

இதைக் கேட்டதும் மச்சாள் சொன்னாள்: "தென்னையில எலி ஏறாம தகரம் சுத்துறெல்லே, அப்படி ஒண்டைச் சுத்தி விடு தம்பி."

நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது. இங்கத்தைய ஆட்களும் அதையேதான் செய்கிறார்கள், தகரத்துக்குப் பதிலாக நெளி அட்டை. ஆனி மாதத்தில் அடிமரத்தைச் சுற்றிக் கட்டிவிட்டால் புழுக்கள் அதுதான் தங்களுக்குக் கட்டின மடம் என்று நினைத்து உள்ளே போய்ப் படுக்கும். இலையுதிர் காலத்தில் அட்டையோடு அவிழ்த்து அப்புறப்படுத்துவது. விழுந்த பழத்தை அன்றன்றே பொறுக்கவும் வேண்டும். அடுத்த வருசம் புழு பாதியாகக் குறைந்தது.

அதோடு இவருக்குத் தலைக்கனம் ஏறியது. "பாத்தியா? தென்னையும் மரம், அப்பிளும் மரம்."

மற்ற நோய்களுக்கும் ஏறக்குறைய அப்படித்தான் நடந்தது. கொழுந்து சுருண்டு பிசுபிசுத்தால் அது அழுக்கணவன் பூச்சி. நம்மூர்ப் பயற்றங்காயில் வருவதன் ஒன்றுவிட்ட தம்பி. எறும்புதான் அதற்கு மேய்ப்பன். எறும்பு ஏறாமல் அடிமரத்தில் பசைப்பட்டி ஒட்டி, மேலே சவர்க்காரத் தண்ணீர் அடித்தால் அடங்கும். கொப்பில் பஞ்சு ஒட்டினது போல வெள்ளையாக இருந்தால் அதுவும் ஒரு வகை அழுக்கணவன். பழைய பிரஷ் ஒன்றை நனைத்துத் தேய்க்கவேண்டும், கை சிவப்பாகும், பயப்படத் தேவையில்லை. கொழுந்து நுனி மாப் பூசினது போல வெளுத்தால் சாம்பல் நோய். வெட்டி எறிவதைத் தவிர வேறு கதை இல்லை. இலையில் கரும்புள்ளி, பழத்தில் சொறி பிடித்து வெடிப்பு என்றால் விழுந்த இலையில்தான் அது மாரி முழுவதும் படுத்திருக்கும். கூட்டி அள்ளினால் பாதி வைத்தியம் முடிந்தது. மிச்சப் பாதி, கொப்புகளை ஐதாக்கிக் காற்று ஓட விடுவது. தண்டில் ஓட்டை போட்டுப் புழு உள்ளே இருந்தபோது இவர் ஊரில் தென்னையில் கருவண்டுக்குச் செய்கிறது போல வளைந்த கம்பியை விட்டுக் குத்தி இழுத்தார். புழு வந்தது! பக்கத்துத் தோட்டத்துக் கிழவர் வந்து கை கொடுத்தார்.

கை கொடுத்தவரைத்தான் குறை சொல்லவேண்டும். அதற்குப் பிறகு இந்த மனுசனைப் பிடிக்க முடியவில்லை.

4

இரண்டு வருசம் தொடர்ந்து கோடை கொளுத்தியது. புல் கருகியது. மரம் கொஞ்சம் வாடியது. உடனே எழுவான்கரை மூளை வேலை செய்யத் தொடங்கிவிட்டது.

தென்னைக்கு எங்கள் பக்கம் என்ன செய்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். சுற்றிவரக் கிடங்கு வெட்டி, தேங்காய் உரித்த பொச்சுமட்டை தாட்டு, உப்புப் போட்டு, தண்ணீர் நிரப்பிவிடுவது. பொச்சு தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும், மரம் மாதக்கணக்கில் குளிர்ந்து நிற்கும். கடற்கரை மணலுக்கு அது அருமையான வைத்தியம். அதை அப்படியே கொண்டுவந்து சுவிஸ் களிமண்ணில் செய்தார் இவர்.

பொச்சுமட்டைக்கு எங்கே போனார் என்கிறீர்களா? பூச்செடிக் கடையில் தென்னம்பொச்சை நறுக்கிக் கட்டியாக்கி மூட்டையில் விற்கிறார்கள். மூட்டையைப் பார்த்ததும் சொந்தக்காரரைக் கண்டவர் போல முகம் மலர்ந்தது. அடிமரத்தைச் சுற்றி முழங்கால் உயரத்துக்கு அணைத்து, வெளியே வரம்பு கட்டி, குழாயைத் திறந்துவிட்டார்.

"இஞ்சேருங்க, மரத்தைக் குளிக்க வாக்கிறீங்களா, முக்கிறீங்களா?" என்றேன்.

"உனக்கென்ன தெரியும்? நீங்க படுவான்கரை ஆக்கள், நெல்லைத் தவிர மரத்தைக் கண்டிருக்கிறீங்களா?"

போனில் மச்சாள் வேறு: "உப்புப் போட்டயா தம்பி? உப்பில்லாட்டி ஒண்டுக்கும் பிரயோசனமில்ல."

உப்புப் பையை நான் எடுத்துக் கட்டிலுக்குக் கீழே ஒளித்து வைத்தேன். நல்ல காலம். ஆனால் தண்ணீரை ஒளிக்க முடியவில்லை. இரண்டு கோடையும் அந்த மரம் பொச்சுக்குள் கழுத்துவரை நனைந்தபடி நின்றது.

இரண்டாம் கோடை முடிவில், மற்ற மரங்கள் எல்லாம் பச்சையாக நிற்க, எங்கள் மரத்தின் ஒரு பக்கம் மட்டும் முன்கூட்டியே சிவந்தது. இலை சிறுத்தது. பழம் எலுமிச்சங்காயளவில் நின்று, அவசரப்பட்டு நிறம் மாறியது. "கண்ணூறு" என்றார் இவர். கண்ணூறு கழிய வெருளிப் பொம்மை ஒன்று செய்து நிறுத்தினார். விதானையாரின் பழைய தொப்பி போல ஒரு தொப்பி அதற்கு. அது தேவையில்லாத வேலை.

ஒரு புதன்கிழமை விதானையார் வழியில் நின்று வெருளியைப் பார்த்தார், பிறகு மரத்தைப் பார்த்தார். உள்ளே வரவில்லை. நெருப்புக் கருகல் என்ற தொற்றுநோய் போல இருக்கிறது, சனிக்கிழமை குழுவோடு வருகிறேன், அதுதான் என்றால் மரத்தை உடனே வெட்டவேண்டும், நோயை வளரவிட்டதற்கு எச்சரிக்கையும் உண்டு என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்றாவது எச்சரிக்கை.

இவர் கொட்டில் வாசலில் இருந்துவிட்டார். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன், குடிக்கவில்லை.

"வேலையும் இல்ல இப்ப. இந்தத் துண்டும் போனா நான் எங்க போய் நிக்கிற?"

உணவகச் சமையலறையில் இருபது வருசத்துக்கு மேல் நின்று முதுகு போய், அந்த வருசம்தான் வேலையை விட்டிருந்தார். நான் வேலைக்குப் போன பிறகு அவர் போகிற இடம் அந்தத் தோட்டம் ஒன்றுதான். எனக்குப் பாவமாக இருந்தது. அதே நேரம் கோபமும் வந்தது, அந்தப் பொச்சுமட்டையில்.

5

வியாழக்கிழமை வேலை முடிந்து நேரே தோட்டத்துக்குப் போனேன். நெருப்புக் கருகல் எப்படியிருக்கும் என்று இங்கே அப்பிள் மரம் வைத்திருக்கிற எவருக்கும் தெரியும். பிள்ளைபிடிகாரனைப் போல அதைச் சொல்லித்தான் பயங்காட்டுவார்கள். இளங்கொப்பின் நுனி கைத்தடி போல வளைந்து தொங்கும். இலை நெருப்பில் வாட்டினது போலக் கறுக்கும், ஆனால் விழாது, ஒட்டிக்கொண்டே நிற்கும். பட்டையில் தேன் துளி போலக் கசியும். நான் ஏணி வைத்து ஏறி ஒவ்வொரு கொப்பாகப் பார்த்தேன். வளைவு இல்லை. கறுப்பு இல்லை. கசிவு இல்லை. இலை சிவந்து உதிர்கிறது, அவ்வளவுதான்.

"மேல நோயில்ல. கீழ பாப்பம், வாங்க," என்றேன்.

"கீழ என்ன? கீழ நல்லாக் குளிர்ந்துதான் கிடக்கு."

"அதுதான் பாப்பம் எண்டிறன்."

எங்கள் வயலில் அறக்கொட்டிப் பூச்சி விழுந்தால் அப்பா மருந்துக் குப்பியைத் தேடி ஓடமாட்டார். நெல் திட்டுத் திட்டாகக் காய்ந்து விழத் தொடங்குகிறதென்றால் முதலில் தாளின் அடியை விரித்துப் பார்ப்பார், பூச்சி அங்கேதான் இருக்கும். மறுகா வரம்பை வெட்டித் தண்ணீரை வடிய விடுவார். தண்ணி கட்டத் தெரிஞ்சவனுக்கு வடிக்கவும் தெரியவேணும் என்பது வயல்காரர் எல்லோரும் சொல்கிற பேச்சு. தென்னங்காய்க்காரருக்கு ஊற்ற மட்டும்தான் தெரியும்.

பொச்சை இரண்டு கையாலும் அள்ளி எறிந்தேன். புளித்த வாடை குப்பென்று வந்தது. அடிமரத்துப் பட்டையில் கத்தியால் மெல்லச் சுரண்டினால், பச்சையும் வெள்ளையுமாக இருக்கவேண்டிய இடம் செங்கல் நிறத்தில், நசிந்த வாழைப்பழம் போல. சுற்றிச் சுற்றிச் சுரண்டினேன். முக்கால் வட்டம் அழுகல். அதற்குக் கீழே ஒரு முண்டு. இரண்டு மரத்தை ஒன்றாக ஒட்டுப்போட்ட இடம். வேர்ப்பக்கம் ஒரு சாதி, மேலே பழம் தருகிற பக்கம் இன்னொரு சாதி. அந்த ஒட்டு எப்போதும் மண்ணுக்கு மேலே காற்றில் நிற்கவேண்டுமாம். இவர் அதைப் பொச்சுக்குள் புதைத்து இரண்டு வருசம் ஊறப்போட்டிருந்தார். ஒட்டுக்குக் கீழே வேர்ப்பட்டை பச்சையாக, பத்திரமாக இருந்தது.

இவர் குனிந்து பார்த்தார். அழுகலை விரலால் தொட்டார்.

"நான்தானா செஞ்ச?"

ஓம் என்று சொல்ல வாய் வரை வந்தது. கண்ணைப் பார்த்தேன். "தென்னையா இருந்தா இதுக்கு இப்ப நூறு காய் காய்ச்சிருக்கும்," என்றேன்.

சனிக்கிழமை விதானையார் வந்தார். கூட இரண்டு பேர், அவர்களில் ஒருவர் கையில் மரம் அறுக்கிற வாள். மரத்தின் காலடியைப் பார்த்ததும், இது கருகல் இல்லை, ஈரத்தால் அடிமரத்தில் வருகிற கழுத்தழுகல், பக்கத்து மரத்துக்கு ஆபத்தில்லை என்று ஒத்துக்கொண்டார். பிறகு பொச்சுக் குவியலைக் காட்டி, இது என்ன என்று கேட்டார். இவர் தனக்குத் தெரிந்த டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில், விளக்கத் தொடங்கினார்: ஊர், கடல், மணல், தென்னை, உப்பு. விதானையார் கண்ணாடியைப் போட்டார், கழற்றினார். அப்பிள் மரத்துக்கு யாராவது உப்புப் போடுவார்களா என்று வாள்காரர் கேட்டார். "போடல்ல, பெண்டாட்டி ஒளிச்சிட்டா," என்றார் இவர். அப்போதுதான் விதானையார் சிரித்ததை முதல்முறையாகக் கண்டேன்.

சிரித்தாலும் சட்டம் சட்டம்தான். சாப்பாடு மேலும் கீழும் போகிற பட்டை முக்கால்வாசி போய்விட்டது, இப்படியே விட்டால் மரம் செத்துவிடும், பராமரியாமல் சாகவிட்ட மரத்துக்கு மூன்றாவது எச்சரிக்கை என்றார். ஒரு வழி மட்டும் உண்டு. மாசியில் அதே மரத்தின் இளங்கொப்புகளை வெட்டிப் பத்திரப்படுத்தி, சித்திரையில் பட்டை இளகும்போது, அழுகின இடத்துக்குக் கீழே ஒரு நுனி, மேலே மறு நுனி என்று பாலம் போல ஒட்டிவிடவேண்டும். ஒட்டினால் அதற்குள்ளால் சாப்பாடு ஓடும். அடுத்த ஆனியில் வருவேன், உயிரோடு நின்றால் எச்சரிக்கை இல்லை, இல்லையென்றால் மரமும் இல்லை, தோட்டமும் இல்லை. சொல்லிவிட்டு இவருடைய கையைப் பார்த்தார். கை நடுங்காமல் இருக்கவேண்டும் என்றார்.

6

முதல் வேலையாக வரம்பை வெட்டித் தண்ணீரை வடியவிட்டேன். அழுகின பட்டையைச் சுத்தமாகச் சீவி, கழுத்தைக் காற்றாட விட்டோம். பொச்சுமட்டை ஒரு துண்டு மிச்சமில்லாமல் வெளியே.

மாசியில் கொப்பு வெட்டி, ஈரக் கடதாசியில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தோம். இரண்டு மாதம் அது மீனுக்குப் பக்கத்தில் கிடந்தது. பழத்தோடு ஒன்றாக வைக்கக்கூடாதாம், கெட்டுவிடுமாம். அப்பிள் கொப்பை அப்பிளிடமிருந்து காப்பாற்றி மீனோடு வைக்கிற கூத்து இந்த நாட்டில்தான் நடக்கும்.

கைதான் பிரச்சினை. இவருடைய பெருவிரல் இரண்டும் சமையலறையில் சூடு பட்டுப் பட்டு மரத்துப்போனவை. கத்தி பிடித்தால் நழுவும். எனக்குக் கிட்டத்தில் கண் தெரியாது, நூல் கோர்க்கவே ஆள் தேடுகிறவள்.

"தர்சியைக் கூப்பிடுங்க," என்றேன்.

"அவள் எங்க வாற? அவளுக்கு இதெல்லாம் புடிக்குமா?"

பிடிக்காது என்றுதான் நானும் நினைத்தேன். எங்கள் மகள் வேறு பட்டணத்தில் வேலை, தனி வீடு. மாதம் ஒருமுறை வருவாள், கதிரை நுனியில் இருப்பாள், சோறு வேண்டாம் என்பாள். நாங்கள் தமிழில் கேட்டால் அவள் டொச்சில் பதில் சொல்வாள். தோட்டத்துக்கு வந்து ஏழெட்டு வருசம் இருக்கும். பிள்ளை கையை விட்டுப் போய்விட்டாள் என்று நான் வேலைக்குப் போகிற டிராமில் இருந்து அழுததும் உண்டு. அதை ஏன் மறைப்பான்.

நானே போன் எடுத்துச் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, சனிக்கிழமை வருகிறேன் என்றாள்.

வந்தாள், வெள்ளைச் சப்பாத்தோடு. சேற்றைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். வழியிலேயே கைபேசியில் நாலு காணொளி பார்த்து முடித்திருந்தாள். வந்ததும் கைப்பையைத் திறந்து நகப்பூச்சை எடுத்து, ஒவ்வொரு கொப்பின் மேல் நுனியிலும் சிவப்புப் பொட்டு வைத்தாள்.

"இது என்னத்துக்குப் புள்ள?" என்றார் இவர்.

"தலைகீழா வச்சா ஒட்டாது. சிவப்பு மேல. சரியா? இப்ப தள்ளி இருங்க அப்பா."

தமிழில் பேசினாள்! முள்ளில் நடக்கிறவள் போல மெல்ல மெல்லத்தான், ஆனாலும் தமிழ். அப்பாவுக்கு உத்தரவு போட அதுதான் வசதி என்று கண்டுபிடித்துவிட்டாள் போலும். கத்தியைத் தீட்டினாள். ஒட்டுக்குக் கீழே வேர்ப்பட்டையில் ஒரு வெட்டு, அழுகலுக்கு மேலே நல்ல பட்டையில் ஒரு வெட்டு. கொப்பின் இரு நுனியையும் ஆப்புப் போலச் சீவி, பட்டைக்குள் செருகி, கொஞ்சம் வில்லாக வளையவிட்டு, சின்ன ஆணி அறைந்து, மெழுகு பூசினாள். மரம் காற்றில் ஆடும்போது கொப்பு அறாமல் இருக்கத்தான் அந்த வளைவாம்.

"மெதுவா, மனே, மெதுவா..."

"நீங்க கதைச்சா எனக்கு ஏலா."

இவர் வாயைப் பொத்திக்கொண்டு பக்கத்தில் குந்தியிருந்தார். ஐந்து பாலம் போட்டு முடிக்கப் பின்னேரமாகிவிட்டது. இடையில் தேத்தண்ணி குடிக்கக் கொட்டிலுக்கு வந்தவள் என்னிடம் கேட்டாள்:

"அம்மா, ஒரு மரத்துக்கு அப்பா ஏன் இவ்வளவு கவலைப்படுறார்?"

சொன்னேன். களுவாஞ்சிக்குடித் தென்னை வளவு பூமணி மாமிக்குப் போனது, கொக்கட்டிச்சோலை வீடு என் பேரில் இருப்பது, இந்தத் துண்டு ஒன்றுதான் அவர் பேரில் வந்தது, எல்லாம்.

"ஊரில அப்பாக்கு ஒண்டுமே இல்லையா?"

"இல்ல."

"அது சரியா?"

"வழக்கம் மகள். எனக்கு நல்லாத்தான் இருந்தது," என்றேன். உண்மைதானே. எனக்கு நல்லாகத்தான் இருந்தது.

அவள் கோப்பையை வைத்துவிட்டு மரத்தடிக்குப் போனாள்.

7

வைகாசியில் மரம் பூத்தது, ஐதாக. ஒட்டின கொப்பில் இரண்டு காய்ந்து கறுத்துப்போயின. மற்ற மூன்றும் முதலில் சும்மா கிடந்தன, பிறகு மெல்லத் தடித்தன, தளிர் விட்டன. அந்தத் தளிரைக் கிள்ளிவிடவேண்டும், இல்லாவிட்டால் பாலம் தனக்கே சாப்பாட்டை எடுத்துக்கொள்ளும். இவர் தினமும் போய் அதைப் பார்த்தார். தண்ணீர் ஊற்றவில்லை. குழாய்ப் பக்கம் போனாலே நான் தொண்டையைச் செருமுவேன்.

ஆனியில் விதானையார் வரும் நாளில் தர்சி வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து நின்றாள். கூப்பிடாமல் வந்தாள். ஏன் வந்தாய் என்று கேட்டு வினையை விலைக்கு வாங்கவேண்டாம் என்று நானும் வாயை மூடிக்கொண்டேன்.

விதானையார் முழங்கால் போட்டுக் குனிந்தார். மூன்று பாலத்தையும் தடவினார். நகத்தால் ஒன்றின் பட்டையை மெல்லக் கீறினார். உள்ளே பச்சை, ஈரமான பச்சை. தலையை நிமிர்த்தி மேலே பார்த்தார். சிவந்த இலை ஒன்றும் இல்லை, பிஞ்சு அங்கொன்று இங்கொன்று. இவர் மூச்சு விடுகிறாரா என்று நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டேன்.

மரம் இருக்கட்டும் என்றார் விதானையார். யார் ஒட்டியது என்று கேட்டார். இவர் மகளைக் காட்டினார், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. விதானையார் அவளுக்குக் கை கொடுத்தார்.

பிறகு எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டே சொன்னார்: பத்து வருசம் முடிகிறது, குத்தகையைப் புதிதாக எழுதவேண்டும், யாருடைய பேரில் எழுதுவது?

நான் வாயைத் திறக்குமுன்னமே இவர் சொல்லிவிட்டார்: "மகள்ட பேரில."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எந்தத் துண்டுக்காக இந்த மனுசன் ஒரு வருசம் நித்திரை இல்லாமல் கிடந்தாரோ, அதைக் காப்பாற்றி ஒரு நிமிசம் ஆகவில்லை, தூக்கிக் கொடுத்துவிட்டார். யோசிக்கவே இல்லை. அவருடைய தாய் கொடுத்தது போல, என்னுடைய அம்மா கொடுத்தது போல, பெண்பிள்ளை வளர்ந்துவிட்டாள், வளவு அவளுக்கு. அவருக்கு அதில் கணக்கே கிடையாது.

தர்சி அப்பாவைப் பார்த்தாள். விதானையார் பக்கம் திரும்பி, டொச்சில், தெளிவாகச் சொன்னாள்: அப்பாவின் பேரிலேயே எழுதுங்கள், என் பேர் வேண்டாம். விதானையார் தலையாட்டிவிட்டு அடுத்த தோட்டத்துக்குப் போனார்.

இவர் முகம் வாடிப்போயிற்று. எங்கள் பக்கத்தில் தகப்பன் கொடுக்கிற வளவை வேண்டாம் என்று சொன்ன பெண்பிள்ளையை நான் இதுவரை கண்டதில்லை, அவரும் கண்டதில்லை.

"ஏன் புள்ள? அப்ப நான் உனக்கு என்னத்தைக் குடுக்கிற? என்னட்ட வேற ஒண்டும் இல்லயே," என்றார்.

தர்சி குனிந்து, பாலத்தில் புதிதாக வந்திருந்த ஒரு தளிரைக் கிள்ளி எறிந்தாள். கையைக் காற்சட்டையில் துடைத்தாள்.

"ஒண்டும் வேணாம். வாற மாசியில கொப்பு வெட்டக்குள்ள என்னைக் கூப்பிடுங்க," என்றாள். "அம்மா இல்ல. நீங்க கூப்பிடுங்க அப்பா."